பச்சோந்தியின் பிடி

அந்தப் பச்சோந்தியை என் தம்பி ஒரு காலி பெயிண்ட் வாளியில் போட்டுக் கொண்டுவந்தான். அவன் ஜேசிபி ஓட்டுகிறவன். ஆனைக்குட்டத்தில் கண்மாய்க் கரையோரம் சீமைக்கருவேல மரங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, சாய்ந்த மரத்தின் கிளையை விடாமல் பற்றிக்கொண்டு இது இருந்திருக்கிறது. விலாவில் நீளமாக ஒரு சிராய்ப்பு. வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். தொண்டையை உப்பிக்கொண்டு, ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் வாளியின் கைப்பிடியையும் முறைத்தது.

"இது என்ன வீடா, காடாடா? எதுக்கு இத இங்கன கொண்டாந்த?" என்றேன்.

"மச்சானுக்குத்தான்க்கா. சும்மாவே உக்காந்திருக்காகல்ல. புண்ணு ஆறுற வரைக்கும் பாத்துக்கிடட்டும். பெறகு கொண்டுபோயி விட்டுருவோம்."

மச்சான் என்று அவன் சொன்னது என் கணவரை. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். அதற்கு முந்தைய கோடையில், மேடையில் காயப்போட்டிருந்த பட்டாசுச் சரக்கை வெயில் ஏறும் முன் அள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். அள்ளுவதற்குள் மேடை பற்றிக்கொண்டது. உயிர் ஒன்றும் போகவில்லை. இவருடைய இடது கை மட்டும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் இழுத்துக்கொண்டு வழவழவென்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் கிள்ளினாலும் அவருக்குத் தெரியாது. விரல்கள் முழுதாக மடங்காது. பிசைந்து பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது, யாரும் தேடவில்லை. கொஞ்ச காலம் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அந்தக் கொஞ்ச காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சொன்ன டாக்டரே மறந்திருப்பார். இவர் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நடு அறையிலேயே இருந்தார்.

பேச்சும் கூடவே சுருங்கிவிட்டது. "சாப்பிட்டீகளா?" என்றால் "ம்." "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாறீகளா?" என்றால் அதுவும் கிடையாது. நானோ வாய் ஓயாதவள். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்ளும் வீட்டில் ஒருத்தி எவ்வளவு காலம்தான் இருப்பாள்? எரிச்சலாக வந்தது. உண்மையைச் சொன்னால், அது எரிச்சல்கூட இல்லை, பயம். இந்த மனிதர் இப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் கூப்பிட்டாலும் திரும்பி வரமாட்டார் என்று பயந்தேன்.

அப்படிப்பட்டவர் எழுந்து வந்து வாளியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்குள்ள காத்து பத்தாது," என்றார்.

நான் கேட்காமலே அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. தம்பியைத் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டு காபி போடப் போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் நடு அறை பட்டாசு ஆலையாக மாறியது. துணி காயப்போடும் இரும்பு ஸ்டாண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டினார். நைலான் வலை ஆகாதாம், உரசினால் கரண்டு பிடிக்குமாம். பருத்தி வலைதான் வேண்டுமென்று தம்பியைக் கடை கடையாக அலையவிட்டார். உள்ளே கருவேலங்கிளையும் முருங்கைக்கிளையும் கட்டினார். வலைக்கு இரண்டு பக்கமும் வாசல். ஒரு பக்கம் ஏதாவது ஆனால் மறுபக்கம் வெளியேற வழி இருக்க வேண்டும் என்பது ஆலை விதி. ஆலையில், உடம்பில் ஏறிய கரண்டு இறங்க, வெடிமருந்து ரூமுக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள். இங்கே பச்சோந்தியைத் தொடுமுன் என் செம்புக் குடத்தைத் தொட்டார். அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்ற கணக்கில், தம்பி தீனிக்குப் பிடித்துவந்ததில் மிஞ்சிய வெட்டுக்கிளிகளை மாலையானால் வெளியேற்றினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜன்னலில் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டார். ஒரு பொட்டு வெயில் உள்ளே வரக் கூடாது.

"பச்சோந்தி வளக்கிறீகளா, இல்ல லைசென்ஸ் எடுத்துக் கம்பெனி நடத்துறீகளா?" என்று கேட்டேன்.

"சும்மா இரு புள்ள. அதுக்கு வெக்கை ஆகாது," என்றார். சொல்லும்போது உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஓணானப் போயி நடுவீட்டுல வச்சிருக்கியே தாயி, குடும்பம் வெளங்குமா?" என்று கேட்டாள்.

"வெளங்காட்டாப் போகுதுக்கா. அவுக பேசுறாகல்ல," என்றேன்.

என் வேலை சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கலர் பார்ப்பது. சீசனில் காலண்டர், மற்ற நாளில் பட்டாசுப் பெட்டி லேபிள். மிஷினிலிருந்து தாள் வர வர, பார்ட்டி ஒப்புக்கொண்ட மாதிரித் தாளோடு வைத்துப் பார்த்து, மயில் கழுத்தில் நீலம் ஏறிவிட்டது, ரோஜாவில் மஞ்சள் குறைந்துவிட்டது என்று மிஷின்காரரோடு மல்லுக்கு நிற்பேன். ஆகவே பச்சோந்தியின் நிறம் பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. காலையில் நான் பல் தேய்க்கும்போதே, "இன்னைக்குக் கலரு எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

என்னத்தைச் சொல்ல? இந்தச் சரக்குக்கு மாதிரித் தாள் கிடையாது. காலையில் பழுப்பு, பத்து நிமிஷத்தில் பச்சை, நான் கிட்டே போனால் கறுப்புப் புள்ளி. ஒன்றே ஒன்றுதான் மாறாமல் இருக்க வேண்டிய நிறம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதன் எச்சத்தின் நுனியில் இருக்கும் வெள்ளை. பல்லி எச்சத்தில் இருக்குமே, அதே வெள்ளைதான். ஒரு நாள் அந்த வெள்ளை மஞ்சளாக இருந்தது. மறுநாள் ஆரஞ்சு. கண் குமிழ்களும் உள்ளே குழிந்திருந்தன.

முதலில் சிராய்ப்பு சீழ் வைத்துவிட்டதோ என்று பார்த்தோம். அது காய்ந்து பக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. வெட்டுக்கிளியில் ஏதாவது கோளாறோ என்று இனத்தை மாற்றினோம். ஆரஞ்சு அப்படியே இருந்தது. கிண்ணத்தில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருப்பதை இரண்டு பேருமே பார்த்தோம், இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அன்று மதியம் அவர் வழக்கம்போல ஜன்னல் சாக்கில் தண்ணீர் தெளித்தபோது நாலு துளி தெறித்து முருங்கை இலையில் விழுந்திருக்கிறது. பச்சோந்தி கழுத்தை நீட்டி அந்தத் துளிகளை ஒவ்வொன்றாகக் குடித்ததாம். நான் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"தேங்கின தண்ணி அதுக்குத் தண்ணின்னே தெரியல புள்ள. இலையில நின்னாத்தான் குடிக்குது."

சலூனில் தலைக்கு அடிப்பார்களே, அந்த ஸ்பிரே பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வலது கையால் கிளையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் இடது கையால் அதை அழுத்தினார். முதலில் விசையை அழுத்த விரல் வரவில்லை, தண்ணீர் சொட்டியது. நாலைந்து நாளில் பூவாகச் சிதறியது. எச்சம் வெள்ளைக்குத் திரும்பியது. தம்பிக்குப் போன் போட்டு அவரே சொன்னார். கட்டிலுக்கடியில் கிடந்த பந்து எனக்கு ஞாபகம் வந்தது.

பெருமை அடங்குவதற்குள் அடுத்த கோளாறு வந்தது. வெட்டுக்கிளியைக் குறிபார்த்து நாக்கை வீசும், நாக்கு பாதியில் தொய்ந்து விழும். பிறகு வீசுவதையே நிறுத்திவிட்டது. கிளையில் நடக்கும்போது கால் நடுங்கியது. முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. ஒருநாள் பொத்தென்று கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. நிறமும் மாறவில்லை. காலை, மதியம், மாலை எல்லா நேரமும் ஒரே சாம்பல். மை தீர்ந்த மிஷினில் வரும் தாள்கூட அதைவிடப் பரவாயில்லை.

மறுபடி ஆராய்ச்சி. வெட்டுக்கிளி பெரிதோ என்று தம்பியிடம் சின்னதாகப் பார்த்துப் பிடித்துவரச் சொன்னோம். பருத்திக்காட்டில் பிடித்ததில் பூச்சிமருந்து இருந்திருக்குமோ என்று கண்மாய்க்கரைப் புல்லில் பிடித்தோம். ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார், "வெக்கைதான். வேறென்ன?" ஜன்னலில் இரண்டாவது சாக்கு ஏறியது. மறுநாள் அது தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. "ம்" கூடச் சொல்லவில்லை.

இது செத்தால் இவரும் பழையபடி ஆகிவிடுவார். லீவு சொல்லிவிட்டு, வாளியில் துணி விரித்து, ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அவர் வாசல் நிழல் வரை வந்தார். "மூடியத் தெறந்தே வையி. வெயிலு படாமக் கொண்டுபோ," என்று மட்டும் சொன்னார்.

ஆடுகளுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் நடுவில் வரிசையில் நின்றேன். வாளியை எட்டிப் பார்த்த ஆட்டுக்காரர் மெல்லத் தள்ளிப் போய் நின்றார். டாக்டரம்மா சின்ன வயது. "இதுவரைக்கும் நான் இதுக்கு வைத்தியம் பார்த்ததில்லம்மா," என்று ஒளிக்காமல் சொன்னார். சென்னையில் தன்னோடு படித்த ஒருவருக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல அதன் தாடையை விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். தாடை வளைந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வீட்ல எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் ஒன்று விடாமல் சொன்னேன். பருத்தி வலை, இரண்டு வாசல், நனைந்த சாக்கு.

"வெயிலே படாதா?"

"படவே விடமாட்டாக டாக்டர். பட்டாசு போர்மேனாக்கும்."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, அது வெயில்ல வாழ்ற உயிர். வெயில் பட்டாத்தான் எலும்புல சுண்ணாம்புச்சத்து ஒட்டும். உள்ளயே வச்சு வச்சு எலும்பு இளகிப்போச்சு. சொட்டு மருந்து தர்றேன். ஆனா வெயில் இல்லாம இத மட்டும் குடுத்தா, குடுத்ததெல்லாம் வீண். தினமும் காலை வெயில்ல வைங்க, சூடு தாங்கலைன்னா நகர்ந்துபோக நிழலும் இருக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். பச்சோந்தியை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. வனத்துறையிடம் தான் பேசிக்கொள்வதாகவும், குணமானதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். "குணமாயிட்டதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கையில ஏற விட்டுப் பாருங்க. இப்ப அதுக்குப் பிடிமானமே இல்ல. நகம் பதிய இறுக்கிப் பிடிச்சா, அன்னைக்கே விட்டுரலாம்."

வீட்டில் வந்து சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. "வெயில்லயா?" என்றார்.

"ஆமா, வெயில்லதான். நீங்க சாக்கு கட்டிக் கட்டித்தான் அது இப்படிக் கெடக்கு."

இவ்வளவு காட்டமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எனக்கும் பொறுமை என்று ஒன்று எவ்வளவுதான் இருக்கும்? வெயில் என்றால் அவருக்கு அந்த மேடைதான். வேலை பார்த்த காலமெல்லாம் வெயிலுக்கு முன்னால் அள்ளு, வெயிலுக்கு முன்னால் மூடு என்று கத்தியவர். அந்தக் கத்தலால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். அதே பழக்கம் இந்த உயிரின் எலும்பைக் கரைத்துவிட்டது என்று சொன்னால் எப்படி ஏற்கும்?

"காலையில எனக்கு ஷிப்ட்டு. தனியா மொட்டைமாடியில வச்சா காக்கா கொத்திரும். நீங்க தூக்கிட்டுப் போனா அது பொழைக்கும், இல்லாட்டி இல்ல. அம்புட்டுத்தான்," என்றேன். மறுநாள் காலையில் கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். அன்று மயில் கழுத்தில் நீலம் ஏறிப்போன தாள்கள் என் கண்ணுக்கு முன்னால் ஒரு கட்டு போயின. மிஷின்காரர்தான் கூப்பிட்டுக் காட்டினார்.

சாயங்காலம் தெருமுனையிலேயே பக்கத்து வீட்டு அக்கா மடக்கினாள். "ஏத்தா, ஒங்க வீட்டுல சண்டை கிண்டையா? காலையில ஒன் வீட்டுக்காரரு மாடியில குடையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னொரு கையில குச்சிய வெளிய நீட்டிக்கிட்டு, மீன் புடிக்கிற மாதிரி!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குடை நிழல் அவருக்கு, குச்சி நுனியில் வெயில் பச்சோந்திக்கு.

குடை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஸ்பிரே அடிக்க ஒரு கை வேண்டியிருந்தது, குச்சிக்கு ஒரு கை. பிறகு குச்சியும் போனது, பச்சோந்தி கால் வழுக்கி வழுக்கி அதிலிருந்து விழுந்துகொண்டே இருந்ததால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். யாருக்கும் காட்டாத அந்தக் கையில் அது படுத்திருந்தது. வெயில் பட்ட பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது. மறுபக்கம் இளம் பச்சை. சூட்டை வாங்கிக்கொள்ள அப்படிக் கறுக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரே உடம்பில் இரண்டு நிறம் ஓடியதைப் பார்த்தபோது, மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நாக்கு குறி தவறவில்லை. கால் நடுக்கம் நின்றது. வளைந்த முன்னங்கால் வளைந்தபடியே இருந்தாலும் நடைக்குக் குறைவில்லை. அவரும் வாயாடியாகிவிட்டார். மாடியில் நின்றபடி பக்கத்து வீட்டு அக்காவிடம் அதன் நாக்கு எம்புட்டு நீளம் என்று கை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் தினமும் நான், "புடி வந்துருச்சா?" என்று கேட்டால் மட்டும், "இன்னும் வரல," என்பார். பங்குனி வந்துவிட்டது. வெட்டுக்கிளியை ஒன்றுக்கு இரண்டாக முழுங்கும் பிராணிக்குப் பிடி மட்டும் எப்படி வராமல் இருக்கும்? டாக்டரம்மாவின் மருந்தையே நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அவர் கைக்கு வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. அந்த வாரம் தேய்க்கும்போது விரலில் ஏதோ சொரசொரவென்று தட்டியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெல்லிய கீறல்கள். ஜோடி ஜோடியாக, நகம் பதிந்த இடங்கள். பழையதன் மேல் புதியது, அதன் மேல் இன்னும் புதியது.

"என்னங்க இது?"

"அந்தக் கையில எனக்கு என்ன தெரியும்?" என்று சட்டையை இறக்கப் போனார்.

"அப்ப அந்தக் கையில விட்டுப் பாத்தா புடி வந்துச்சா வரலையான்னு எப்படித் தெரியும்? வலது கையில விட்டுப் பாருங்க."

நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "தெரிஞ்சா விடணும்ல, புள்ள."

கோபப்பட வேண்டிய இடம்தான். எனக்குக் கோபம் வரவில்லை. 'இருந்துட்டுப் போகட்டும், யாரு கேக்கப் போறாக' என்று நாக்கு நுனி வரை வந்தது. அது போனால் மறுபடி அந்த அறையில் சாக்கு தொங்கும் என்ற பயம் அவரைவிட எனக்குத்தான் அதிகம். நான் சொல்லுமுன் அவரே எழுந்து வலைக்குள் வலது கையை நீட்டினார். அது ஆடி ஆடி யோசித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. அவர் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார்.

"வந்துருச்சு," என்றார்.

மறுநாள் காலை ஆனைக்குட்டம் போனோம். நான் வண்டி ஓட்டினேன், அவர் பின்னால் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி பிடுங்காமல் விட்ட மரங்கள் கரையின் தெற்கே அடர்த்தியாக நின்றன. அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இடது கையைக் கிளையோடு சேர்த்து நீட்டினார். முன்னங்கால் கிளைக்குப் போனது, பின்னங்கால் அவரை விடவில்லை. அவர் வலது கை விரலால் அதன் ஒவ்வொரு பிடியையும் மெதுவாகக் கழற்றிவிட்டார். அது இரண்டு கிளை ஏறி, இலைகளுக்குள் போய் நின்றது. அவ்வளவுதான், அப்புறம் கலர் பார்த்தே பிழைக்கும் என் கண்ணுக்கே தெரியவில்லை.

"வாங்க, போவோம்," என்றேன்.

"கொஞ்சம் இரு," என்று வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பும்போது காலி வாளியை முன்னால் மாட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பழைய மௌனம்தான் என் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். கண்மாய்ப் பாதை குண்டும் குழியுமானது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தபோது அவருடைய இடது கை வந்து என் தோளைப் பிடித்தது. விரல்கள் மடங்கி அழுந்தின, தோள் வலித்தது.

"மெதுவாப் போ புள்ள, விழுந்திரப் போறோம்," என்றார். தார் ரோடு வரும்வரை கையை எடுக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

நான் வேகத்தைக் குறைக்கவில்லை.